ஏழாவது செயல்பாட்டின் கடைசி வரி

1

ஒரு தொலைபேசி அழைப்பில் இந்தக் கதை தொடங்கியது என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். உண்மையில் நான் யோசிக்காமல் எழுதிய ஒரு வரியில்தான் இது தொடங்கியது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் கற்றுத்தரலாம் என்பது பொருள். மொத்தம் பன்னிரண்டு செயல்பாடுகள். உதிர்ந்த இலைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்குவது, மண்புழுவைத் தொட்டுப் பார்ப்பது, பூவாளியில் எத்தனை டம்ளர் தண்ணீர் கொள்ளும் என்று எண்ணுவது, இப்படி. ஏழாவது, காகித டம்ளரில் ஈரப் பஞ்சு வைத்து அவரை விதையை முளைக்க வைப்பது. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:

"யாருடைய விதையாவது முளைக்காவிட்டால், குழந்தை ஏமாந்துபோகாதபடி, கூடுதலாக வளர்த்த டம்ளர் ஒன்றில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிடவும்."

(நான் வகுப்பறையில் ஒரு நாள்கூட நின்று பாடம் நடத்தியதில்லை. என் வீட்டில் எந்தத் தொட்டிச் செடியும் மூன்று மாதம் தாண்டியதில்லை. இதையும் சொல்லிவிட்டேன்.)

புத்தகம் வந்து ஒரு வருடம் கழித்து ஓர் ஆசிரியை கூப்பிட்டார். வணக்கம்கூட இல்லை.

"ஏழாவது செயல்பாட்டோட கடைசி வரிய எழுதினது நீங்கதானா சார்?"

"ஆமாங்க."

"அப்ப உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

2

எப்படித் தொடங்குவது என்று நாலு நாள் முட்டிமோதினேன்.

'மழை விட்டிருந்த ஒரு காலையில்' என்று ஒரு தொடக்கம். அன்றைக்கு மழை பெய்ததா என்று நான் கேட்கவே இல்லை.

'பிஞ்சு விரல்கள் ஈரப் பஞ்சைத் தொட்டபோது, அந்த ஆசிரியையின் உள்ளத்தில்'

இல்லை. அவருக்கு அப்போது உள்ளத்தில் ஒன்றும் தோன்றவில்லை. யாரோ பஞ்சைத் தின்றுவிடப் போகிறார்களே என்ற பயம்தான் இருந்தது. அவரே சொன்னார். நேராகவே போகிறேன்.

3

அந்த வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். அதில் ஒருத்திக்கு 'நீதிபதி' என்று பெயர் வைத்திருந்தார் ஆசிரியை. நாலரை வயது. பென்சில் யாருடையது, ஊஞ்சலுக்கு முதலில் வந்தது யார், யார் யாரைக் கிள்ளினார்கள் என்று எந்த வழக்கு வந்தாலும் இடுப்பில் கையை ஊன்றி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மேல்முறையீடு கிடையாது.

ஜன்னல் பலகையில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. நாலாம் நாள் விதைகள் தோல் கிழிந்து வெள்ளையாக வால் நீட்டின. எட்டாம் நாள் இலை வந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டையில், செடி வளர வளர ஒவ்வொருவரும் தங்கள் பெயருக்கு மேலே வண்ணப் பொட்டு ஒட்ட வேண்டும். பதினெட்டுப் பேரின் பொட்டுகள் மேலே ஏறிக்கொண்டே போயின. நீதிபதியின் இடம் மட்டும் மொட்டையாக இருந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும் டம்ளரைக் காதோடு வைத்துக் கேட்பாள். "இன்னும் தூங்குது மிஸ்" என்று பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள்.

அலட்டிக்கொண்டது ஆசிரியைதான். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். இத்தனை பச்சைக்கு நடுவே ஒரு டம்ளர் வெறும் பஞ்சோடு நின்றால் அந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகும்? விதையை விரலால் அழுத்திப் பார்த்தார். கொழகொழவென்று இருந்தது. கையேட்டைப் புரட்டினார். அங்கே, பொடி எழுத்தில், நான் தயாராகக் காத்திருந்தேன்.

வியாழன் மாலை பிள்ளைகள் போனதும் பெயர்ச்சீட்டை உரித்தார், கூடுதலாக வளர்த்திருந்த டம்ளரில் மாற்றி ஒட்டினார், பழைய டம்ளரைத் தோட்டத்து மூலையிலிருந்த உரக்குழியில் போட்டார். வேலை இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

4

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் கைதட்டினார்கள். நீதிபதி தட்டவில்லை. டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல மிஸ்."

"உன்னோடதுதான்டா கண்ணா. பாரு, உன் பேரு ஒட்டியிருக்கு."

"பேரு என்னோடது. செடி என்னோடது இல்ல."

"ராத்திரியோட ராத்திரியா வளர்ந்திருச்சு."

"என் டம்ளர்ல நான் கடிச்சு வெச்சிருந்தேன். என் பல்லு எங்க?"

(நாலரை வயதுக் குழந்தை இப்படிப் பேசுமா? எனக்குச் சந்தேகம் வந்தது, கேட்டேவிட்டேன். "நீங்க குழந்தைங்களோட பேசி எத்தன வருஷமாச்சு சார்?" என்றார் ஆசிரியை. அந்த வசனத்தில் நான் கை வைக்கவில்லை.)

டம்ளரின் விளிம்பில் பல் தடம் இருந்ததை ஆசிரியை கவனித்திருக்கவில்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை. "உன்னோடதேதான்" என்று அடித்துச் சொன்னார். குழந்தை அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்பது வருட வேலையில் எந்த மேலதிகாரியும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்றார்.

மதியம் பெற்றோர் வந்தார்கள். நீதிபதியின் அம்மா குனிந்து பிள்ளையைத் தூக்கப் போனார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நீ எங்க அம்மாதானா? மாத்திட்டாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த பை கீழே விழுந்தது.

5

இந்த இடத்தில் ஒரு தகராறு. அடுத்து வருவதை நானாகக் கற்பனை செய்திருந்தால், இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே என்று அடித்திருப்பேன். ஒரு வரைவில் அடித்தும் பார்த்தேன். கதை, ஒரு குழந்தையின் பிடிவாதம் பற்றிய வேடிக்கைக் குறிப்பாகச் சுருங்கிப்போனது. எனவே நடந்தது நடந்தபடி.

எல்லாரும் கிளம்பிய பிறகு அம்மா திரும்பி வந்தார். பிள்ளை வெளியே ஊஞ்சலில் இருந்தாள்.

"யாரு மிஸ் அவகிட்ட சொன்னது?"

"எதைங்க?"

"இவள நான் பெறல. இவளுக்கு ஒன்றரை வயசுல இவ அம்மா தவறிட்டாங்க. அடுத்த வருஷம் நான் வந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. பெரியவளானதும் சொல்லிக்கலாம்னு வீட்ல எல்லாரும் வாயைக் கட்டியிருக்கோம்."

யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் ஆசிரியை. டம்ளர் விஷயத்தை முழுக்கச் சொன்னார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. அப்புறம் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவ செடிதான்னே சொல்லிடுங்க மிஸ். மாத்தினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஒண்ண மாத்தலாம்னு தெரிஞ்சா அவ எல்லாத்தையும் நோண்டுவா."

ஆசிரியை சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை நீதிபதி தன் செருப்பைக் கழற்றி அடியைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். பக்கத்துப் பையன்கள் இருவர் பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு அவளிடம் ஓடி வந்தார்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பந்தைக் கீழே போட்டுவிட்டு விழித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆசிரியைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவளை அழைத்துக்கொண்டு உரக்குழிக்குப் போனார். குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். செடிய மாத்தினது நான்தான்."

இரண்டு பேருமாகக் குச்சியால் கிளறினார்கள். டம்ளர் நசுங்கிக் கிடந்தது. விளிம்பில் பல் தடம் இருந்தது. விதை கறுத்து, தொட்டதும் பிதுங்கியது.

"செத்துப்போச்சா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ அழுவேன்னு நெனச்சேன்."

"அழுதிருப்பேன்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் வேற விதை கேட்டிருப்பேன்."

அன்றைக்கு அவள் அழவும் செய்தாள். சத்தமாக, மூக்கு ஒழுக, பத்து நிமிடம். பிறகு தண்ணீர் குடித்தாள், புட்டியை முகராமல்.

6

கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன் என்பதைத் தகவலுக்காகச் சொல்லிவைக்கிறேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இடத்தை வெறுமனே விட்டேன். அச்சகத்தார் அந்த இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் படம் போட்டுவிட்டார்கள்.

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், வாக்கு மீறியதற்காக அம்மா புகார் கொடுக்கிறார், ஆசிரியையின் வேலை போகிறது. இன்னொன்றில், இரண்டாவது விதை முளைத்து எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். (வெட்கமில்லாமல் அரைப்பக்கம் எழுதினேன்.) மூன்றாவதில் பத்து வருடம் கழித்து அந்தப் பெண்

வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்.

செவ்வாய் முழுக்க அம்மா ஆசிரியையின் அழைப்பை எடுக்கவில்லை. புதன் மதியம், பள்ளி விட்ட பிறகு, தானே வந்தார். நாற்காலிகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுடையவை. முழங்கால் நெஞ்சைத் தொட, ஒன்றில் உட்கார்ந்தார். திட்டத்தான் போகிறார் என்று ஆசிரியை நினைத்தார்.

"நேத்து ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டு, 'மிஸ் பொய் சொன்னேன்னு சொன்னாங்க, நீ எப்ப சொல்லுவ'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூங்குற மாதிரி இருந்துட்டேன்." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "நீங்க எந்த வார்த்தையில மிஸ் ஆரம்பிச்சீங்க?"

ஆசிரியை சொன்னார். அம்மா உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, தோட்டத்தில் இருந்தவளைக் கூப்பிட்டார். அவள் மண் கையோடு ஓடி வந்து அம்மாவுக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பில் கையை ஊன்றவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசிரியை வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. பிறகும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் வாயில் வைக்க நான் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் ஐந்தோ ஆறோ இருக்கும். ஒன்றுகூட அவருடையதாக இல்லை, கிழித்துப் போட்டேன்.

நானும் ஆசிரியையோடு வராந்தாவில் நிற்கிறேன். நீங்கள் உள்ளே, அம்மாவின் நாற்காலியில் இருக்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவள் காத்திருக்கிறாள். சொல்லுங்கள்.