பதினேழாம் இருக்கையின் ஊசி

கட்டுகளைச் சரிபார்த்து முடித்ததும் அவள் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். தங்கும் விடுதிகளுக்குப் போகும் படுக்கை விரிப்புகள் அவை. ஒவ்வொரு கட்டிலும் தைத்தவரின் இருக்கை எண்ணெழுதிய சீட்டு ஒன்று இருக்கும். பதினாறு இருந்தது; பதினெட்டு இருந்தது. நேற்றைப் போலவே இன்றும் பதினேழைக் காணவில்லை.

நிறுவனம் ஒன்பது பேர் கொண்டது. முதலாளி அவளுடைய தாய்மாமன்; அவள் தரப் பரிசோதகி. தையல் மட்டும் ஊருக்கு வெளியே ஓர் ஒப்பந்தக்காரரின் கூடத்தில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து தைப்பவர்கள் எவரேனும் அடிமைபோல் வைக்கப்பட்டிருக்கிறார்களா என்று விடுதிக்காரர்கள் கேட்டதால், அவளே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் எழுதி அனுப்பியிருந்தாள். இருபது படிவங்கள் திரும்பி வந்தன. பத்தொன்பதில் ஒரே கையெழுத்து, ஒரே விடை. பதினேழாம் இருக்கை மட்டும் உண்மையை எழுதியிருந்தது: ‘கடவுச்சீட்டு என்னிடம் இல்லை. அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெளிவாசல் பூட்டியே இருக்கும்.’

குறை கண்டால் அதன் நகலை ஒப்பந்தக்காரருக்கே அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அவளும் அப்படியே அனுப்பினாள். இருக்கை எண்ணைக்கூட மறைக்கவில்லை. கோணல் தையலுக்கும் கொத்தடிமைத்தனத்துக்கும் ஒரே விதி! அந்த விதியை எழுதியவளும் அவளே. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ‘குறை சரிசெய்யப்பட்டது.’ அதைக் கோப்பில் செருகிவிட்டு அவள் தேநீர் குடிக்கப் போயிருந்தாள்.

இப்போது அந்த இரண்டு சொற்களும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

மாமாவிடம் ஓடினாள்.

“காய்ச்சலா இருக்கும்மா. நீ ஒண்ணு கிடக்க ஒண்ணு நினைக்காதே” என்றார் அவர். ஆனால், அவருடைய கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது.

“மாமா, அவங்க நம்மளை நம்பி எழுதினாங்க. நான் கொண்டுபோய் அவர் கையிலேயே குடுத்துட்டேன்.”

“திங்கக்கிழமை நான் பக்குவமாப் பேசறேன்.”

“திங்கக்கிழமை அந்தப் பொண்ணு இருக்கணுமே.”

அவள் தன் மேசைக்குத் திரும்பி ஒரு தையல் ஊசியை எடுத்தாள். குறட்டால் இரண்டாக முறித்தாள். ஒரு பாதியை நெகிழி உறையில் இட்டாள். மறுபாதியைக் குப்பையில் போட்டாள். ‘பதினேழாம் இருக்கையின் கட்டில் பாதி ஊசி கிடைத்தது.’ பரிசோதனைப் பதிவேட்டில் பொய் எழுதுவது அவளுக்கு அதுதான் முதல் முறை.

தைக்கும்போது ஊசி முறிந்தால் துண்டுகள் அனைத்தையும் பொறுக்கி அட்டையில் ஒட்டி, தைத்தவரே கையொப்பமிட வேண்டும். துண்டு ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை அந்தச் சரக்கு நகரக் கூடாது. விருந்தினரின் முதுகில் ஊசி ஏறினால் வணிகமே கவிழ்ந்துவிடும் என்பதால், ஊசிக்கு அத்தனை காவல். தைக்கிறவளுக்கு ஒரு காவலும் இல்லை.

கூடத்து வாசலின் பூட்டை உள்ளிருந்து திறந்துதான் அவளை விட்டார்கள். அவள் நுழைந்ததும் பூட்டு மறுபடியும் விழுந்த ஓசை கேட்டது. இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன; ஒரு தலைகூட நிமிரவில்லை. பதினேழாம் நாற்காலியின்மேல் துணி மூட்டை இருந்தது.

“வாம்மா மருமகளே” என்று ஒப்பந்தக்காரர் வாய் நிறையச் சிரித்தார். “மாமா உன்னைத் தனியா அனுப்பிட்டாரா? பொல்லாத மனுஷன்.”

அவள் உறையை நீட்டினாள். “பதினேழோட பழைய கட்டுல இருந்துச்சு. மீதிப் பாதி எங்க?”

“அதுக்கு உடம்பு சரியில்ல. நானே கையெழுத்துப் போடறேன், குடு.”

“தைச்சவங்கதான் போடணும். இல்லைன்னா இதுவரைக்கும் வந்த சரக்கு பூராவும் திரும்பி வரும்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. பிறகு அவர் பின்னாலிருந்த சரக்கறையைத் திறந்தார்.

வெளியே வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். வலக்கைச் சுட்டுவிரலில் சுற்றியிருந்த துணி இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அவளை வெளியே கூட்டிப்போகும் வழி பரிசோதகிக்கு அந்த விரலில்தான் தெரிந்தது. “ஊசி விரலுக்குள்ளயே இருக்கும்போல. மருத்துவமனைல எக்ஸ்ரே படம் எடுத்தாகணும்” என்றாள்.

“தையக்காரி விரல்ல ஊசி குத்தறது அதிசயமா?”

“ஊசி கிடைக்கலைன்னா நான் விடுதிக்காரங்களுக்கு எழுதணும். அவங்களே ஆளோட வந்து தேடுவாங்க. பரவாயில்லையா? அப்புறம், கடவுச்சீட்டையும் எடுத்துக்குங்க. அது இல்லாம மருத்துவமனைல பதிய மாட்டாங்க.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு உள்ளே இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவித் தம் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “நானும் வர்றேன். வயசுப் பொண்ணுங்களைத் தனியா அனுப்ப முடியுமா?”

அவளே வண்டியை ஓட்டினாள். வழி முழுவதும் அவருடைய கண்கள் கண்ணாடிக்குள் அவளையே பார்த்திருந்தன. இருமுறை வண்டி நின்றுபோயிற்று.

“பழகின வண்டிதானே மருமகளே?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பதிவு மேசையில் கடவுச்சீட்டு அவர் பையைவிட்டுப் போயிற்று. படமெடுக்கும் அறைக்குள் நோயாளியும் உதவிக்கு ஒரு பெண்ணும் மட்டுமே போகலாம் என்று பணிப்பெண் கண்டிப்பாகச் சொன்னாள். ஒப்பந்தக்காரர் வெளியே நின்றார். கதவு சாத்தப்பட்டது.

“நான் எழுதினதை அவர் எல்லார் முன்னாடியும் வாசிச்சார்” என்றாள் அந்தப் பெண். அதுவே அவள் பேசிய முதல் வாக்கியம்.

“நான்தான் அனுப்பினேன்.” பரிசோதகியால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. “உங்களுக்கு என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல.”

“விரல்ல ஊசி இல்ல.”

“தெரியும். ஊசியை முறிச்சது நான்.”

“என் கடவுச்சீட்டைக் கேட்டேன். இழுப்பறையைச் சாத்தினார். விரல் உள்ள இருந்துச்சு.”

படத்தில் எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. பணிப்பெண் அதையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேசைமேலிருந்த தொலைபேசியை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

“காவல் நிலையத்துக்குச் சொல்லட்டுமா?” என்று பரிசோதகி கேட்டாள். “உங்களைக் கேக்காம இனி எதுவும் செய்ய மாட்டேன்.”

“மத்த பத்தொன்பது பேர்? அவர் ஒரு வார்த்தை சொன்னா அவங்களை வண்டில வேற எடத்துக்கு ஏத்திடுவாங்க.”

பரிசோதகி முதலில் மாமாவை அழைத்தாள். “மாமா, சரக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கூடத்து வாசலை அடைச்சு நிறுத்துங்க. ஊசி கிடைக்கிற வரைக்கும் எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“எனக்குக் கை காலெல்லாம் உதறுதும்மா.”

“எனக்கும்தான் மாமா. உதறிக்கிட்டே போங்க.”

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கும் ஓசை கேட்டது.

கதவு தட்டப்பட்டது. “ஒரு விரலுக்கு இவ்வளவு நேரமா?”

பணிப்பெண் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். பரிசோதகி காவல் நிலைய எண்ணை அழுத்தினாள். “நானே சொல்றேன்” என்று அந்தப் பெண் இடக்கையால் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் காவலர் ஏதோ கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். தான் தயாரித்து அனுப்பிய படிவத்தில் பெயருக்கென்று ஓர் இடமே இல்லை என்பது பரிசோதகிக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவு மறுபடியும் தட்டப்பட்டது; இம்முறை பலமாக. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தவில்லை. கூடத்தின் முகவரியைச் சொல்லி முடித்துவிட்டு, மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.