நேர்ந்துவிட்ட லைட்டுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கோவில்பட்டியில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எட்டயபுரம் ரோட்டில் என் பட்டறை. துருப்பிடித்து, கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிற பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து விடுங்கள். தகரம் வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, கம்பெனியிலிருந்து நேற்று இறங்கின வண்டி மாதிரி திருப்பித் தருவேன். ‘லிங்கராஜுக்கு வாய்தான் மோசம், கை சுத்தம்’ என்பார்கள். அந்தப் பெயரை இந்த மாசி மாதம் நானே கெடுத்துக்கொண்டேன்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணன் எங்கிருந்தோ ஒரு மூக்கு நீண்ட பழைய பிக்கப்பை வாங்கிக்கொண்டு வந்தார். பார்த்துப் பார்த்துச் செய்தேன். வேலை முடிகிற நேரத்தில் அவர் சுற்றிச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினார்.

“மேல வரிசையா அஞ்சு லைட்டு இருக்குமே, லிங்கராஜ்? அது இல்லாம மொட்டத் தலையா இருக்கு. கோயம்புத்தூர்ல பழைய வண்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோறேன். புதுசு ஒத்துக்கிட மாட்டாங்க. அந்தக் காலத்து லைட்டேதான் வேணும்.”

மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். திருநெல்வேலியில் ஆள் விட்டுக் கேட்டேன். எங்கும் இல்லை. ஆனால் என் பட்டறைக்குப் பின்னாலேயே, சீமைக்கருவை நிழலில், அதே ஜாதிப் பிக்கப் ஒன்று நின்றது. அதன் மண்டைமேல் ஆரஞ்சுக் கண்ணாடி போட்ட அஞ்சு லைட்டும் கீறல் விழாமல் இருந்தன.

அது விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் மிளகாய் விவசாயம் பார்க்கிற பெருமாள்சாமி அண்ணாச்சியின் வண்டி. அடிப்பகுதி துருவேறி உளுத்துப்போய்விட்டது. ‘வெள்ளாமை முடியட்டும், வேலையப் பாப்போம்’ என்று விட்டுப் போனவர். அந்த லைட்டுகளின் கதையை ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் போக மாட்டார். ஒரு ஐப்பசி மழையில் பெண்டாட்டி பிள்ளையோடு வண்டி ஓடை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஜன்னல்வரை வண்டி முழுகி, இருட்டில் மேலே இந்த லைட்டுகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் ஓடி வந்து கயிறு போட்டிருக்கிறார்கள். அன்றைக்கே அவர் பெண்டாட்டி சுடலையம்மாள் வெயிலுகந்தம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: வண்டி ஓடுகிறவரை லைட்டு வண்டிக்கு, வண்டி நின்றுவிட்டால் அம்மனுக்கு.

இதெல்லாம் தெரிந்துதான் திருப்புளியைக் கையில் எடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

என் பெயின்டர் முப்பிடாதி பதறிப்போனான். “அண்ணாச்சி, அது சாமிக்கு நேர்ந்த லைட்டுலா? நேர்ந்துவிட்ட கிடாய எவனாது தொடுவானா?”

“ஏலே, கிடாயாலே இது? போயி பெயின்டப் பாருலே. பெருசா சாமி கண்டுட்டான்!” என்று கத்தினேன். கையிலிருந்த ஸ்பேனர் அவன் காலடியில் போய் விழுந்தது. அவன் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பெருமாள்சாமி அண்ணாச்சி இப்போது வரப்போவதில்லை, வருவதற்குள் வேறு லைட்டு தேடி மாட்டிவிடலாம் என்று நெஞ்சைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நவநீதகிருஷ்ணன் வண்டியில் மாட்டி எரியவிட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

பங்குனி பிறந்ததும் காலை பஸ்ஸில் பெருமாள்சாமி வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சப்பை.

“ஏலே லிங்கராஜு, எனக்கு இனிமே வண்டி வேண்டாம்லே. கண்ணு மங்கிட்டு. நீயே ஒடைச்சுக்கோ. லைட்ட மட்டும் கழட்டிக் குடு. வெள்ளிக்கிழம அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பந்தல்ல வரிசையா மாட்டணும்னு உங்க மதினி ஒத்தக்கால்ல நிக்கா.”

வண்டியைக் கேட்டிருந்தால் வண்டியைக் கொடுத்திருப்பேன். என் பட்டறையைக் கேட்டிருந்தாலும் யோசித்திருப்பேன். மனுஷன், என்னிடம் இல்லாத ஒன்றை மட்டும் கேட்கிறார்.

“அண்ணாச்சி… அது களவு போயிட்டு.”

வாய் கூசாமல் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஒரு சத்தம் போடுவார், ஏசுவார், அத்தோடு போகும் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாவம்லே நீ. எம்புட்டுச் சங்கடப்பட்டிருப்ப! அதான் எனக்குத் தாக்கல் சொல்லக் கூசிக்கிட்டு இருந்திருக்க.”

முப்பிடாதி ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

“விடு, அம்மன் பொருள எடுத்தவன் எங்க போவான்? எங்க ஊர்ல மிளகா அரைச்சுப் பூசுவோம். நாலு நாளுல எரிச்சல் தாங்காம வந்து விழுவான். எவன் காவல்ல போச்சோ அவந்தான் அரைக்கணும், அவந்தான் வாய்விட்டுச் சொல்லணும். நாளைக்கு வந்துரு, என்ன?”

மிளகாய் அரைத்துப் பூசுவது என்றால் விளையாட்டில்லை. அம்மிக் கல்லில் மிளகாயை அரைத்து அம்மன் மேனியில் அப்பி, எடுத்தவன் குடும்பம் வம்சத்தோடு வேகணும் என்று சாபம் விடுவது. என் வீட்டில் என் ஒரே மகள் ஜெயப்பிரியா தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதால் வளைகாப்புக்கு முன்பே வந்திருக்கிறாள். சாமியாவது பூதமாவது என்று இத்தனை வருஷம் பேசித் திரிந்தவன், உடனே வீட்டுக்குப் போன் போட்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

விழுந்தடித்துக்கொண்டு நவநீதகிருஷ்ணனிடம் ஓடினேன். அவர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். “வண்டியா? கண்காட்சியிலயே ஒருத்தர் ஆசப்பட்டுக் கேட்டாரு, குடுத்துட்டேன். பெங்களூருக்குப் போயிட்டு. அந்த லைட்டப் பாத்துத்தான் மயங்கிட்டாராம். ஏன் லிங்கராஜ், அது நல்ல லைட்டுதான?”

திருடனுக்குத் தேள் கொட்டின கதை. “நல்ல லைட்டுதான் முதலாளி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்றுதான் போனேன், வேறு யோக்கியதை ஒன்றுமில்லை. கோயில் மிளகாய்க் காட்டுக்கு நடுவில் இருந்தது. களம் முழுக்க வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கமறியது. ஓர் உடைமரத்தடியில் அம்மி. சுடலையம்மாள் மதினி மடியிலிருந்து ஒரு குத்து மிளகாயை எடுத்து அதில் வைத்தாள்.

அரைத்தேன். சாமிக்குச் சேர வேண்டியதைத் திருடிவிட்டு, திருடியவனுக்குச் சாபம் போட நானே அம்மியில் குனிந்து அரைத்தேன். இருமல் வந்தது, மூக்கு ஒழுகியது. தெரியாத்தனமாய்க் கண்ணைத் துடைத்துவிட்டேன். தீ வைத்த மாதிரி எரிந்தது.

“சொல்லுலே” என்றார் பெருமாள்சாமி. “எடுத்தவன் குடும்பம் வெந்து கருகணும், அவன் வம்சம் வெளங்கப்படாதுன்னு சொல்லு.”

“எடுத்தவன்…” என்றேன். ஜெயப்பிரியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடக்கிற நடைதான் கண்ணுக்குள் வந்தது. “தாயே, எடுத்தவன் ஒருத்தனோட போவட்டும். அவன் கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ. பிள்ளகுட்டிய விட்டுரு. வயித்துல கெடக்கத மட்டும் தொட்டுராத.”

பெருமாள்சாமி நெகிழ்ந்துபோனார். “பாத்தியாட்டி, களவாணிப் பயலுக்கும் எரக்கப்படுதான். இந்த மனசு யாருக்கு வரும்?”

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“உம் மவ முழுகாம இருக்காளா?”

“ஏழு மாசம், மதினி.”

அவள் பக்கத்திலிருந்த குடத்தைச் சாய்த்து அம்மிமேல் தண்ணீரைக் கொட்டினாள். அரைத்ததெல்லாம் கரைந்து மண்ணில் ஓடியது.

“ஏட்டி, என்ன செய்யுத? கிறுக்குப் பிடிச்சிட்டா?”

“பூச வேண்டாம். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்” என்றாள். என் பக்கம் திரும்பி, “வளைகாப்புக்குச் சொல்லி விடு, நாங்க வாரோம்” என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டாள். நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

பெருமாள்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பொம்பளப் புத்தி! நீ மனசுல வைக்காத” என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். “குனி. கண்ணு செவந்து கெடக்கு பாரு. கையில காரம் இருக்கு, நீ தொடாத. நான் ஊத்துதேன்.”

குனிந்தேன். அவர் ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, பச்சைப்பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் கண்ணில் தண்ணீர் விட்டார். இனி எவ்வளவு நேரம் இந்த மனுஷனை ஏமாற்றுவது?

“அண்ணாச்சி, லைட்ட நாந்தாம் எடுத்தேன்.”

தண்ணீர் நின்றது. நெற்றியில் இருந்த கை விலகியது. எரிச்சலில் உயிர் போனது. கண்ணைத் திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று பயந்து அப்படியே குனிந்து நின்றேன்.