கருவி படாத குத்துவாள்

எழுபத்தைந்து வயதான எகோன் மெல்ஷர்ஸ் தம் நண்பர் வோல்க்கரின் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது மூன்று இடங்களில் நின்றார். இரண்டு முறை முழங்காலுக்காக நின்றார். மூன்றாவது முறை நின்றதற்கு முழங்கால் காரணமில்லை. மாடியறையில் ஒன்பது குத்துவாள்கள் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றுள் எட்டைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் கிடையாது.

வோல்க்கர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பழைய ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் விழாக்காலச் சீருடையோடு இடுப்பில் தொங்கவிட்ட குத்துவாள்களை நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்தவர். மொத்தம் இருபத்து மூன்று. ஒன்றுகூட எவரையும் குத்தியதில்லை. அவை அணிவகுப்புக்கும் விருந்துக்கும் என்றே செய்யப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை சோலிங்கன் நகரத்திலேயே, இந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருந்த பட்டறைகளில் உருவானவை. அடுத்த மாதம் வோல்க்கரும் அவர் மனைவி ரோஸ்விட்டாவும் முதியோர் குடியிருப்பில் இரண்டு அறைகளுக்குக் குடிபோகிறார்கள். குத்துவாள்களை ஊரின் சிறிய அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே இருப்பதைப் படமெடுத்துப் பதிந்த பிறகே ஏற்கும். பிரிக்கும் வேலை எகோனுடையது. ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கத்திக்குப் பிடி பொருத்திய கை அது. வோல்க்கர் வேறு எந்தக் கையையும் நம்பமாட்டார்.

பிரிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிடியின் தலையில் உள்ள உலோகக் குமிழைத் திருகி எடுத்தால், பிடியும் அதன் கீழுள்ள காப்புத் தகடும், பிடிக்குள் நுழைந்திருக்கும் அலகின் வாலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அந்தக் காலத்துப் பொருத்துநர்கள் ஒரு வாளுக்குரிய உறுப்புகள் இன்னொன்றோடு கலந்துவிடாதிருக்க, அலகின் வாலிலும் தகட்டின் அடியிலும் குமிழின் உள்ளேயும் ஒரே எண்ணைக் கீறிவைப்பார்கள். மூன்றும் ஒத்திருந்தால் வாள் பழுதற்றது. சென்ற இரண்டு வியாழக்கிழமைகளில் எகோன் பதினான்கைப் பிரித்திருந்தார். பதினான்கிலும் எண்கள் ஒத்திருந்தன. ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுக்கும்போது, முதலாம் எண் அட்டை கட்டிய வாளை அவர் விரல்கள் தாண்டிப்போயின.

அந்த முதலாம் வாளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் வோல்க்கருக்குக் கொடுத்தவர் எகோன்தான். பதிலுக்கு வோல்க்கர் தம் மாமன் விட்டுச்சென்ற கடற்படைக் குத்துவாளைக் கொடுத்தார். எகோன் கொடுத்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருடம் அவர் தந்தை சமையலறை மேசையில் கூட்டிச் சேர்த்தது. ஆலைகள் மூடிக்கிடந்தன, ஊரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நிறைந்திருந்தார்கள், நினைவுப்பொருள் என்று எதைக் கொடுத்தாலும் பன்றிக்கொழுப்பும் காப்பியும் தந்தார்கள். தந்தை மிச்சமாய்க் கிடந்த அலகையும் வேறொன்றின் தகட்டையும் இன்னொன்றின் குமிழையும் எடுத்துப் பூட்டினார். பிடி ஆடியது. ஆடாமல் இருக்க, நீலநிறச் சிகரெட் பெட்டி ஒன்றின் அட்டையை மடித்து உள்ளே செருகச் சொன்னார். மடித்தது ஆறு வயது எகோன்.

சிப்பாயிடம் போகாமல் தங்கிவிட்ட அந்த ஒரு வாளையே, முப்பது ஆண்டுகள் கழித்து, அசல் என்று நண்பரிடம் தள்ளிவிட்டார். அப்போது வோல்க்கர் நண்பர் அல்லர், புதிதாக அறிமுகமான வாத்தியார். நட்பு அதற்குப் பிறகு, வியாழக்கிழமைதோறும் சந்தித்துச் சந்தித்து வந்தது. வந்தபிறகு சொல்லும் துணிச்சல் போய்விட்டது.

அவரைக் காப்பாற்றியது சேகரிப்பாளர்களின் ஒரு வழக்கம். என்றைக்கும் திறக்கப்படாத வாளுக்கு அவர்களிடையே தனி மதிப்பு. குமிழின் விளிம்பில் கருவியின் கீறல் ஒன்று இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். வோல்க்கர் தம் முதல் வாளைக் கருவி படாதது என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ரோஸ்விட்டா அதைக் கன்னிப்பெண் என்றே அழைத்தாள்.

மாடியறையில் அருங்காட்சியகத்து அன்னெக்ரேட் போல் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக் காமிராவை நிறுத்தியிருந்தாள். நாற்பது வயதுக்காரி, கையுறையைக் கழற்றாமலே மூக்கைச் சொறியப் பழகியவள். ஒவ்வொரு வாளின் தகட்டிலும் பருந்தின் காலடியில் இருந்த நாஜிச் சின்னத்தின்மேல் சிறிய பச்சைத் தாள்வட்டம் ஒட்டியிருந்தது. சட்டம் அது, சந்தைகளிலும் காட்சிகளிலும் அந்தச் சின்னத்தை மூடித்தான் வைக்க வேண்டும். வோல்க்கர் அதைத் தம் வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தார்.

காப்பித் தட்டோடு வந்த ரோஸ்விட்டா, அந்தப் பச்சை வட்டங்களைத் தான் கம்பளத்திலிருந்தும் ஏப்ரனிலிருந்தும் நாற்பது வருடமாகப் பிய்த்துக்கொண்டிருப்பதாகவும், போன ஈஸ்டரின்போது ஒன்று கேக்கில் கிடந்ததாகவும் அன்னெக்ரேட்டிடம் முறையிட்டாள். பிறகு எகோனைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்கப்பா இந்த மாதிரி ஒண்ண இடுப்புல கட்டிக்கிட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டாரு. ஃபோட்டோ வந்து சேந்துச்சு, ஆள் வரல. எடுத்துட்டுப் போங்க எல்லாத்தையும். எனக்குத் துடைச்சுத் துடைச்சு அலுத்துப்போச்சு."

அவள் கீழே போனதும், வரிசைப்படி பதிவேட்டை ஒழுங்கு செய்ய வேண்டியிருப்பதால் இன்று முதலாம் எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று அன்னெக்ரேட் சொன்னாள். வோல்க்கர் சன்னலோர நாற்காலியில் கால்மேல் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

எகோன் வாளை எடுத்தார். மஞ்சள்நிறப் பிடி, வயதேறிப் பல்லைப் போல் கறுத்திருந்தது. குமிழில் தோல்துண்டைச் சுற்றிப் பிடித்தார், ஆனால் திருகவில்லை. இரவெல்லாம் யோசித்துவைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"இது இறுகிப்போயிருக்கு. எழுபது வருஷமா யாரும் தொடாதது. பலமா திருகினா பிடி வெடிச்சிடும். இத அப்படியே விட்டுடலாமே."

அன்னெக்ரேட் காமிராவிலிருந்து தலையைத் தூக்கினாள். வெடித்துவிடும் என்றால் வேண்டாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வழியுண்டா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றாள். எகோனின் தோள்கள் சற்றே இறங்கின. அப்போது சன்னல் பக்கமிருந்து வோல்க்கரின் குரல், வகுப்பில் கடைசி வரிசைப் பையனிடம் பேசுவதுபோல் நிதானமாக வந்தது.

"அதெல்லாம் இறுகாதுப்பா. திருகு."

எகோன் திருகினார். குமிழ் ஊறுகாய்ச் சாடியின் மூடியைப் போல் இலகுவாகச் சுழன்றது. மரைகளில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மின்னியது. எழுபது ஆண்டுகளாகத் தொடப்படாத மரையில் எண்ணெய் ஈரமாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும். பிடியை மெல்ல உருவினார். அதன் உள்ளிருந்து ஒரு மடித்த தாள் துணியின்மேல் விழுந்தது.

நீலமில்லை. ஆரஞ்சு நிறம்.

அன்னெக்ரேட் அதை இடுக்கியால் பிரித்தாள். காசல் நகரத்துச் சேகரிப்பாளர் சந்தையின் நுழைவுச்சீட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, அக்டோபர். அந்தச் சந்தைக்கு அவர்கள் இருவரும் எகோனின் காரில் போனார்கள். திரும்பி வரும் வழியில் வோல்க்கர் இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை, பல்வலி என்றார். எகோன் வழியில் நிறுத்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வோல்க்கர் அதை விழுங்கவும் செய்தார்.

அன்னெக்ரேட் எண்களைப் படித்தாள். அலகில் பதினான்கு. தகட்டில் முப்பத்தொன்று. குமிழில் ஏழு. இதெப்படி என்று கேட்கும் முன்பே வோல்க்கர் பேசினார். பேசும்போது அவர் எகோனைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போர்வையின் ஓரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு நான் வச்சதும்மா. ஒரு தடவ திறந்தேன், பிடி ஆடுச்சு. அதுக்கப்புறம் அப்பப்ப எண்ணெய் விடுவேன். எண் மாறியிருக்கறது போருக்கு முந்தியே ரிப்பேர் பண்ணினதா இருக்கும். அப்படித்தான் நெனைக்கிறேன். அப்படியே எழுதிக்குங்க."

அன்னெக்ரேட் எகோன் பக்கம் திரும்பினாள். பொருத்துநர் அவர், அவர் ஆமென்றால் அது பதிவேட்டில் ஏறிவிடும். நண்பர் அவர் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறார். தலையசைத்துவிட்டு வெளியேறினால் போதும், மிச்சமிருக்கும் வியாழக்கிழமைகளுக்கு எந்தச் சேதமும் வராது. தலையசைப்பது மிகச் சிறிய வேலை. ஆனால் முப்பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்துவந்த அந்தச் சிறிய வேலையை இன்னொரு முறை செய்வதற்கு அவரிடம் தெம்பில்லை.

"ரிப்பேர் இல்ல," என்றார். "எங்கப்பா பண்ணினது. நாப்பத்தாறுல, எங்க வீட்டுச் சமையக்கட்டுல. மூணும் மூணு வாளோடது. தெரிஞ்சேதான் அசல்னு சொல்லி இவர்கிட்டக் குடுத்தேன்."

வோல்க்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோபமோ வியப்போ அந்த முகத்தில் இல்லை. நெடுந்தூரப் பயணத்தில் பெட்டியைக் கீழே வைத்தவருடைய முகமாக இருந்தது.

அன்னெக்ரேட் எழுதுகோலை உதட்டில் தட்டியபடி இருந்தாள். இது அதிகாரிகளின் வாள் வரிசையில் சேராது என்றாள். பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் வேறு தலைப்பில் வைக்கலாம், ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். தந்தையின் பெயரைக் கேட்டாள். கைரேகைபோல் அவர் கீறிய அடையாளம் ஏதும் உண்டா என்றாள். பெயர் ஃபிரிடோலின் என்றும், அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை, அகப்பட்டால் வம்பு என்றும் எகோன் சொன்னார். எழுதிக்கொண்டு, காமிராவுக்கு வேறு வில்லை ஒன்றை எடுத்துவரக் கீழே நின்ற வண்டிக்குப் போனாள்.

நண்பர்கள் இருவரும் தனித்திருந்தார்கள். முதலில் பேசியவர் எகோன்.

"காசல்லயா?"

"சந்தையில நாம போட்டிருந்த கடைக்கு ஒருத்தன் வந்தான். தூக்கிப் பாத்துட்டு, எடை சரியில்லையே வாத்தியாரேன்னான். நீ சாசேஜ் வாங்கப் போயிருந்த. அவன்மேல எனக்கு அவ்வளவு கோவம். கார்ல உக்காந்து, கையுறையப் போட்டுத் திருகினேன். அவன் சொன்னது பொய்னு காட்டத்தான் திருகினேன். பாத்தா எண் மூணும் வேற வேற, உள்ள இருந்த நீல அட்ட பிரிச்சதும் மடிப்புல கிழிஞ்சுபோச்சு."

"அங்கேயே என்னக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம். நீ எனக்குக் கடுகு நெறையப் போட்டு வாங்கியாந்த. தின்னுட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்." வோல்க்கர் போர்வையைச் சரிசெய்தார். "அப்புறம் நீயே சொல்லுவன்னு ஒரு பத்து வருஷம் பாத்தேன். அப்புறம் பாக்கறதும் அலுத்துப்போச்சு. சொல்லிச் சண்டை போட்டா வியாழக்கிழமை நான் என்ன பண்றது? வீட்ல இவகூட உக்காந்து பச்சை வட்டம் பிய்க்கவா?"

"கருவி படாததுன்னு எல்லார்கிட்டயும் சொன்னியே."

"கருவி எங்க பட்டுச்சு? கையுறைதான் பட்டுச்சு." அவர் வாய் ஓரமாகச் சிறிது கோணியது. "எங்க மாமா வாள் எங்க?"

எகோன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கடற்படை வாள் தம்மிடம் இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை என்றும், அதை விற்றுத்தான் வீட்டைச் சூடாக்க எண்ணெய்க் கொதிகலன் வாங்கியதாகவும் சொன்னார்.

வோல்க்கர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் மாமன் அந்த வாளோடு நிற்கும் படம் எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கியது. அதை அவர் பார்க்கவில்லை.

"நல்லாச் சூடாச்சா?"

"இருபத்தாறு வருஷம் ஓடுச்சு."

"சரி," என்றார் வோல்க்கர். "ஏதோ ஒண்ணாவது உருப்படியா வேலை செஞ்சிருக்கு."

மன்னிப்பு என்ற சொல்லை எகோன் தேடினார். அது வாய்க்குள் வருவதற்குள் அன்னெக்ரேட் படியேறி வந்துவிட்டாள். எந்த வாளையும் எப்படிக் கண்டோமோ அப்படியே திரும்பப் பூட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய விதி. சீட்டையும் உள்ளேயே வைக்கச் சொன்னாள்.

எகோன் ஆரஞ்சுச் சீட்டைக் கையில் எடுத்தார். பிரித்துப் படமெடுத்ததில் மடிப்புகள் தளர்ந்திருந்தன. நீளவாக்கில் இரண்டாக, மறுபடி இரண்டாக, பிறகு ஒரு மூலையை மட்டும் உள்ளே நாக்குப்போல் திருப்பி. மூன்றாம் மடிப்பில் அவர் விரல் நின்றது. எந்தப் பொருத்துநரும் அந்த மூலையைத் திருப்பமாட்டார். அது தேவையற்ற மடிப்பு. ஆறு வயதில், தாள் நழுவிவிடக்கூடாதே என்ற பயத்தில், அவர் தாமே கண்டுபிடித்துச் செய்தது. வோல்க்கர் கார் இருக்கையில் அந்த நீல அட்டையைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில், அதே மூலையைத் திருப்பி, தம் சீட்டை மடித்திருந்தார்.

எகோன் நிமிர்ந்து பார்த்தபோது வோல்க்கர் கண்களை மூடியிருந்தார். உறங்கினாரா, உறங்குவதுபோல் இருந்தாரா என்று தெரியவில்லை. கீழே ரோஸ்விட்டா வாஃபிள் வார்க்கும் மணம் படியேறி வந்தது.

எகோன் மூலையைத் திருப்பி மடித்துச் செருகினார். பிடியை ஏற்றினார். குமிழைக் கையாலேயே திருகி, அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தகட்டின்மேல் உரிந்திருந்த பச்சை வட்டத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, வாளைப் பட்டியலில் சேராதவற்றின் சாம்பல்நிறப் பெட்டிக்குள் வைத்தார்.

"இன்னும் எட்டு இருக்கு, மெல்ஷர்ஸ் சார்," என்றாள் அன்னெக்ரேட்.

"தெரியும்மா," என்று சொல்லி அடுத்த உறைக்குக் கை நீட்டினார்.