அதிதி வந்த படகு

மேடையில் ஒரு கதிரையில் மட்டும் ஆள் இருந்தது. டொக்டர் சத்தியபாமாவின் மடியில் அதற்குள் மூன்று பொன்னாடைகள் சேர்ந்திருந்தன. பிரதம அதிதி இன்னும் வரவில்லை.

தீவு ஆஸ்பத்திரியில் அன்று திறக்கவிருந்த புதிய சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு டொக்டரின் பெயர். தீவின் முதல் பெண் சத்திரசிகிச்சை நிபுணர், சண்டைக் காலத்தில் லாம்பு வெளிச்சத்தில், அவித்த சேலைத் துண்டுகளால் கட்டுப்போட்டுக் கால் கைகளைக் காப்பாற்றியவர் என்று சங்கச் செயலாளர் பரமலிங்கம் ஒலிவாங்கியில் சொன்னார். சனம் சேரச் சேரத் திரும்பவும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் பேச்சில் லாம்பின் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

"தம்பி, மயக்கமருந்து குடுக்கிற டொக்டர் எப்ப வாறார்?" என்று சத்தியபாமா அவரைக் கேட்டார்.

"முதல்ல திறப்பம் அம்மா. ஆக்கள் பிறகு வருவினம்."

பந்தலுக்குள் மீனவப் பெண் கத்தரீனா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் அவள் புருசன் குருசுமுத்துவை இரண்டு பேர் வலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். "டொக்டரம்மா, வள்ளத்து இஞ்சின் விசிறி தொடையைக் கிழிச்சுப்போட்டுது!"

சத்தியபாமா மேடையிலிருந்து இறங்கினார். பொன்னாடையால் இறுக்கிக் கட்டினார். சரிகைத் துணி ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை. இரத்தம் அதன் மேலால் வழிந்தது. தன் நூல்சேலை முந்தானையைக் கிழித்தார்.

"கூடத்தைத் திறவும். வெளிச்சம் வேணும்."

பரமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "ரிபன் வெட்டேல்லை அம்மா. உள்ளுக்கும் ஒண்டுமில்லை. மேசைகூட இரவல், பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும்."

"அப்ப அம்புலன்ஸ் படகைக் கூப்பிடும். கெதியாப் போனால் கால் தப்பும்."

"அதிலைதான் அதிதி வாறார். அந்தா தெரியுது."

இறங்குதுறையில் நாதஸ்வரம் தொடங்கியது. குருசுமுத்துவை அங்கே தூக்கி வந்து ஓரமாக, வெயிலில் கிடத்தினார்கள். சத்தியபாமா முழந்தாளிட்டு இரத்தம் நிற்க அவன் கவட்டில் வலது கையைப் பொத்தி முட்டியாக வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"வழி விடுங்கோ ஐயாமார், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்!" என்றாள் கத்தரீனா.

அதிதி படகிலிருந்து துறைப் படியேறினார். மாலை விழுந்தது. படம் எடுத்தவன் கையை உயர்த்தினான். "ஐயா, மாலை முகத்தை மறைச்சுப்போட்டுது. இன்னொருக்கா படகிலை இருந்து ஏறுங்கோ."

அதிதி சிரித்துக்கொண்டு திரும்ப இறங்கினார்.

குருசுமுத்துவை ஏற்றிக்கொண்டு படகு அக்கரையிலுள்ள குறிகட்டுவான் துறைப் பக்கம் திரும்பியபோது அவன் கால்விரல்கள் குளிர்ந்து நீலம் பாரித்திருந்தன. அழுத்திப் பிடிக்க ஒரு தாதி கூடப் போனாள். ஆடுகிற படகில் இறங்க வயதான சத்தியபாமாவால் முடியவில்லை.

நாதஸ்வரம் பந்தல் பக்கம் போய்விட்டது. துறையில் அவர் மட்டும் நின்றார். "லாம்பு வெளிச்சத்திலே கால்களைக் காப்பாற்றிய எங்கள் அம்மா உடனே மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

அவர் வலது கையைப் பார்த்தார். முட்டி இன்னும் பொத்தினபடியே இருந்தது. மற்றக் கையால் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தார். அவை விரியவில்லை.