ஐவிண்டுக்குச் சொல்லாத கனவு

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் மார்கிட். [பெயரைப் பிறகு மாற்றலாம்.] நார்வேயின் பெர்கனில், மழை விடாத ஒரு ஏப்ரலில், மனச்சோர்வுக்கான மருந்துப் பரிசோதனைக்குப் பதினெட்டுப் பேர் போனோ— போனார்கள்.

பழைய மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்காகும். இது நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கி, மூளையில் குளுட்டமேட் என்ற ரசாயனம் வந்து உட்காரும் ஏற்பிகளில் ஒரு வகையை அடைக்குமாம். உடனே வேறொரு வகை விழித்துக்கொண்டு, காய்ந்துபோன இணைப்புகள் துளிர்க்கலாமாம். இந்த ‘லாமாம்’ டாக்டருடையது, சத்தியமாக என்னுடையதல்ல. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நர்சுக்கே தெரியாது.

2
சொட்டு இறங்கத் தொடங்கியதும் மார்கிட்டின் கைகால்கள் பஞ்சாக— [பஞ்சு வேண்டாம், எல்லோரும் எழுதியாயிற்று.] கூரை மெல்ல விலகியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற மலை, ஈரக் காலோடு உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தது. மழை கீழிருந்து மேலே பெய்தது. அவளுக்கு எடையே இல்லை. அப்பாடா, எத்தனை வருடத்துக்குப் பிறகு! மறுநாள் பசித்தது.

3
காத்திருப்பு அறையில் ஐவிண்ட். படகு எஞ்சின் மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர்.

“எல்லாரும் மிதந்தாங்களாம். நான் கூரையில ஸ்க்ரூ எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு உப்புத் தண்ணிதான். இதுதாம்மா கடைசி. இனி எங்கயும் வரமாட்டேன், எதுக்கும் இருக்கவும் மாட்டேன்.”

மார்கிட் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அட, எனக்கும் ஒரு கனவும் வரலியே!”

“நிஜமாவா?”

“சத்தியமா. ஆனா மறுநாள் மூணு வாஃபிள் தின்னேன்.”

“மூணா? ஜாமோடயா?”

“ஜாமும் போட்டு, பழுப்புச் சீஸும் வச்சு.”

“சரியான தீனிப்பண்டாரம்தான் நீங்க” என்று சிரித்தார். “அப்போ வியாழக்கிழமை இன்னொரு தடவை வந்துதான் பாக்கணும்.”

4
முடிவு ஒன்று: வந்தார், தேறினார். சே, சினிமாத்தனம்.
முடிவு இரண்டு: வியாழக்கிழமை அவருடைய நாற்காலி— கை வரவில்லை.

சரி, மார்கிட் நான்தான். இன்று புதன்கிழமை. இந்தக் கதை ஐவிண்ட் கண்ணில் பட்டால், நான் கனவு கண்டதும் தெரிந்துவிடும், நாளை அவர் வரவும் மாட்டார். எழுதாமலிருக்கவும் முடியவில்லை. பயமாக இருக்கிறது.

இருபது வருடமாக எல்லாவற்றையும் நார்வே மொழியில்தான் எழுதுகிறேன். இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். நாளை பத்து மணிக்கு அவர் வருவாரா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து யாரும் இதை மொழிபெயர்த்துவிடாதீர்கள்.