போட்டாச்சு

பட்டாசுக் கம்பெனி வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் மூன்றும் அங்கே ஒரே கணக்கு. வாட்ச்மேன் உக்கிரபாண்டி ஒவ்வொரு போனிலும் பெயர்ச்சீட்டை ரப்பர் பேண்டால் கட்டி, ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவைப்பார். பகல் முழுக்க அந்தக் கூடை பாடும், அதிரும், கத்தி ஓயும். சோற்று நேரத்தில் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தால் உண்டு. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அதுவும் கிடையாது.

அப்படி நெருக்கிய நாளொன்றில் பொன்மணியின் போன் விடாமல் அடித்தது. பிள்ளைக்குத்தான் ஏதோ என்று உக்கிரபாண்டி ஆள்விட்டுக் கூப்பிட்டார். ஓடிவந்து எடுத்தாள். சுகாதார நர்ஸ் பானுப்பிரியா பேசினாள். தருணுக்கு ரெண்டாவது தடுப்பூசி நாளாகிவிட்டது, மெசேஜ் அனுப்பியும் வரவில்லை, நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடும் நாள், தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றாள்.

பொன்மணிக்கு ஊசி என்றாலே பயம். முதல் ஊசிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வரும், போய்விடும் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். போகத்தான் செய்தது. ஆனால் இவள் ரெண்டு நாள் வேலைக்கு வராததில், நிழலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். பொன்மணியை வெடி காயவைக்கும் மேடைக்கு அனுப்பினார்கள். பால் கட்டிய மாரோடு, உச்சி வெயிலில், தகிக்கிற சிமெண்டுத் தரையில் அவள் நின்ற நிற்பை எந்த மெசேஜிலும் எழுத முடியாது.

இப்போது ஃபோர்மேன் அய்யாதுரை அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் கெட்டவரில்லை. வைய மாட்டார், சும்மா நிற்பார். அந்த நிற்பே போதும்.

“போட்டாச்சுக்கா. போன வாரம் கோயில் பொங்கலுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தம்லா, நாரணாபுரத்துலயே போட்டுட்டோம்” என்றாள் பொன்மணி.

பிள்ளையோடு நாரணாபுரம் போனது நிஜம். அங்கே ஆஸ்பத்திரி இருப்பதும் நிஜம். பொய் இவ்வளவு வசதியாக வந்து உட்கார்ந்தால் யார்தான் எழுப்பிவிடுவார்கள்? பானுப்பிரியா சந்தோஷமாகப் பதிந்துகொண்டாள். முன்பெல்லாம் அவள் வாசலுக்கு வந்து ஊசி அட்டையை வாங்கிப் பார்ப்பாள். அப்போது பார்த்துக்கொள்ள மூன்று ஊர், இப்போது ஏழு. போனில் அட்டை தெரியாது. குரல்தான் கேட்கும். பொன்மணியின் குரலில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் போனை வாங்கிப் பார்த்த அவள் புருஷன் பாண்டி, வந்திருந்த மெசேஜை எழுத்துக்கூட்டிப் படித்தான். தங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டது, நன்றி. திருத்தங்கலில் அச்சாபீசுக்கு லோடு ஏற்றும் ஆள் அவன். சர்க்கார் அவனுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. எப்போது போட்டாய், காய்ச்சல் வரவில்லையா என்று கேட்டான். இந்த ஊசிக்கு வரவில்லை என்றாள். பிள்ளையைப் பகலெல்லாம் வைத்திருக்கிற அவன் அக்கா வேலுத்தாயும் நம்பிவிட்டாள்.

சீசன் முடியட்டும், சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்றுதான் பொன்மணி நினைத்திருந்தாள். சத்தியமாக நினைத்திருந்தாள். ஆனால் மூன்றாவது ஊசிக்குப் போய் நின்றால் அட்டையில் ரெண்டாவது எங்கே என்று கேட்பார்களே. ஆகையால் மூன்றாவதும் நாரணாபுரத்தில் போட்டாச்சு. அதற்கடுத்ததும் போட்டாச்சு. சொல்லச் சொல்ல அவளுக்கே பாதி நிஜமாகிவிட்டது. பாண்டி அந்த மெசேஜ்களைத் தன் போனுக்கும் அனுப்பி அழிக்காமல் வைத்திருந்தான்.

தருணுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது காய்ச்சல் வந்தது. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கழுத்து வீங்கிற்று. ஊரில் சாயங்காலம் மட்டும் வந்து பார்க்கும் டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். பிள்ளையின் காலைப் பொன்மணி பிடித்துக்கொள்ள, அவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

பாண்டி போனை எடுத்து நீட்டினான். ஒவ்வொரு மெசேஜாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான். பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் மார்க்கைக் காட்டுவது போல இருந்தது அவன் முகம்.

“அப்ப பரவால்ல. ஊசி போடாத பிள்ளைன்னா நான் இந்நேரம் விருதுநகருக்கு அனுப்பிருப்பேன்” என்றார் டாக்டர்.

சொல்லு, சொல்லு என்று பொன்மணிக்குள் ஒருத்தி அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி, விடியட்டும், மருந்தில் கேட்டுவிடும், இத்தனை பேர் முன்னால் அவன் முகத்தை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றாள். ரெண்டாமவள்தான் ஜெயித்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

ரெண்டு நாளில் பிள்ளை மூச்சுக்கு இழுத்தது. பாண்டி ஓட்டிய பைக்கில் நடுவே பிள்ளையை அணைத்து உட்கார்ந்து விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் அந்த மூச்சின் சத்தம் அவள் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருப்பதைப் பார்த்தவள், ஊசியைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். பாண்டியின் கை சட்டைப்பைக்குப் போனது.

பொன்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுல உள்ளதெல்லாம் பொய். பிள்ளைக்கு ஒரு ஊசிதான் போட்டிருக்கு. மிச்சமெல்லாம் நான் வாயால சொன்னது.”

அந்தப் பெண் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. தொண்டை அடைப்பான் என்றாள். அதன் விஷத்தை முறிக்கிற மருந்து மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது, அன்றைக்கே வந்தும் சேர்ந்தது. மறுநாள் மூச்சு சற்று லேசானது. தருண் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினான், ரெண்டு ஸ்பூன் பால் குடித்தான். பொன்மணி குலசாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். அதற்கடுத்த காலையில் அவன் இதயம் நின்றுவிட்டது. விஷம் முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, மருந்து கொஞ்சம் முந்திக் கிடைத்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே பானுப்பிரியா ஐஸ்பெட்டியோடு தெருவுக்கு வந்தாள். வீடு வீடாக ஏறி, அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போட்டாள். கடைசியாகப் பொன்மணி வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தவள், நேரில் வந்து பார்க்காதது தன் தப்புத்தான் என்று அழுதாள். பொன்மணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை.

நர்ஸ் போனபிறகும் பாண்டி சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். அவன் அடிப்பான் என்று தெரு எதிர்பார்த்தது. அடித்தால் தேவலை என்று பொன்மணியும் எதிர்பார்த்தாள். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“நர்சுகிட்ட சொன்னத நான் கேக்கல. வேலைக்குப் பயந்து சொல்லிட்ட. எனக்கும் அந்தப் பயம் தெரியும். இங்கன அந்த டாக்டரு கேட்டாரு பாரு, அப்ப நீ பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன்.”

“ஊசி போடாத பிள்ளைன்னா விருதுநகருக்கு அனுப்பிருப்பேன்னு அவரு சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு” என்றாள் பொன்மணி.