ஓரத்தில் பட்டது

கண்ணாடிக் கடைக்காரரை அன்று காலை பதினொன்றே கால் மணிக்குக் காட்டிக்கொடுத்தது வேறு யாரும் அல்ல, அவருடைய கட்டைவிரல்.

அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குக் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற மனிதர் அவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். அப்படிப்பட்டவர், மனைவிக்கு அனுப்ப வேண்டிய செய்தியை நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். பதறிப்போய் அதை அழிக்கப் போனவர், 'எல்லோருக்கும் அழி' என்பதை விட்டுவிட்டு 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமுக்கித் தொலைத்தார். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, யாரும் பார்க்கக் கூடாதென்று தன் கண்ணை மட்டும் பொத்திக்கொண்டது போலாயிற்று. மீட்டெடுக்கவா என்று கேட்டுக் கீழே ஒரு சின்னப் பட்டை வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

இப்போது அந்தச் செய்தி எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது, எழுதியவருடையதில் மட்டும் இல்லை. யார் படித்தார்கள் என்றுகூட அவரால் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, அவசரத்தில் நண்பனின் பட்டப்பெயரைப் போட்டு 'கீப்பருக்கு' என்று எழுதினோமா, வெறுமனே 'அவனுக்கு' என்று எழுதினோமா என்பது அவருக்கு நினைவில்லை.

குழுவின் பெயர் 'பதினோரு பேர்'. இருப்பது ஐந்து பேர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து கிரிக்கெட் ஆடியவர்களில், சண்டை போட்டுப் போனவர்களும் சொல்லாமல் போனவர்களும் போக மிச்சம். 'கண்ணாடி' என்று அவர்கள் கூப்பிடுகிற கடைக்காரர், பேக்கரிக்காரன், பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருக்கிற 'டிப்போ', கடைக்காரரின் மனைவிக்குத் தம்பியான மச்சான், அப்புறம் கீப்பர். கீப்பர் அதே பணிமனையில் பேருந்து ஓட்டுகிறவன். அந்தக் காலத்தில் மட்டையின் ஓரத்தில் பட்டு எந்தப் பக்கம் போனாலும் பாய்ந்து பிடிப்பான். அதனால் வந்த பட்டம் இன்னும் போகவில்லை.

போன வாரம் கீப்பர் கடைக்கு வந்தான். சோதனைக் கருவியின் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். ஓரங்களில் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பொத்தான் சும்மா இருந்தது. "என்னடா, மிஷின் ரிப்பேரா? ஒண்ணையுமே காணோம்?" என்றான் கீப்பர். அவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். நேர்ப்பார்வை பழுதில்லாமல் இருந்தது. ஓரம்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து கீப்பர் வண்டியைத் தொடவில்லை. இடுப்பு வலி என்று டிப்போவிடம் விடுப்பு வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கடைக்காரரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். அந்தச் சத்தியம் ஐந்து நாள் தாக்குப் பிடித்தது. இன்று காலை வீட்டுக்காரி, 'கீப்பர் வீட்டம்மா போன்ல அழுதாங்க, என்ன விஷயம்?' என்று கேட்க, இவருடைய இளகின மனசும் கட்டைவிரலும் சேர்ந்து கவிழ்த்துவிட்டன.

சோதனை நாற்காலியில் தையல்கார அம்மா ஒருவர் அரை மணியாகக் காத்திருந்தார்.

"இந்தக் கண்ணாடி நல்லா தெரியுதாம்மா, இல்ல இது நல்லா தெரியுதா? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. உங்க முகம்தான் மாறிக்கிட்டே இருக்கு."

கைபேசி துடித்தது. பேக்கரிக்காரன், அவருடைய செய்தியையே மேற்கோளாக இழுத்துப் போட்டு, கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் ஏழு பொம்மைகளை வைத்திருந்தான். மேற்கோளில்தான் தான் எழுதியதைக் கடைக்காரர் மறுபடி பார்த்தார்:

'அவனுக்கு ஓரத்துல வர்றது எதுவும் தெரியல. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதே.'

'அவனுக்கு'. பெயர் இல்லை. போன உயிர் பாதி திரும்பி வந்தது. அப்புறம்தான் பேக்கரிக்காரன் ஏன் சிரிக்கிறான் என்பது உறைத்தது. முந்தின நாள் டிவியில் பார்த்த ஆட்டத்தில், பந்து மட்டையின் ஓரத்தில் பட்டது மைதானத்துக்கே தெரிந்தும் அம்பயர் அவுட் என்று விரலைத் தூக்கவில்லை. காலையிலிருந்து குழுவில் அந்த அம்பயரைத்தான் வறுத்துக்கொண்டிருந்தார்கள். இவருடைய செய்தி நேராகப் போய் அந்தச் சட்டியில் விழுந்திருக்கிறது.

'கண்ணாடி, இன்னிக்கு செம ஃபார்ம்ல இருக்கே!' என்றான் பேக்கரிக்காரன்.

'வேலை போகட்டும் மாமா!' என்று மச்சான் குதித்தான். 'கண்ணு தெரியாதவனுக்கு அங்க என்ன வேலை?'

'எங்க டிப்போவுக்கு அனுப்புங்க,' என்று எழுதினார் டிப்போ. 'வாசல்ல உக்கார வெச்சு வர்ற போற வண்டிய எழுதச் சொல்றேன். ஸ்டியரிங்க மட்டும் தொட விடமாட்டேன்.'

'பாவம்யா, பிள்ளைகுட்டிக்காரனா இருப்பான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெள்ளைக் குச்சி ஒண்ணு வாங்கிக் குடுப்போம்.' இதுவும் பேக்கரிக்காரன்தான். மாவு பிசைகிற கைக்கு இன்று வேலையே இல்லை போலிருக்கிறது.

கடைக்காரருக்குக் காது சூடேறியது. யாரோ ஓர் அம்பயரைத்தான் இவர்கள் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். நிறுத்துங்கடா என்றால், ஏன் என்பார்கள்.

'அத விடுங்கப்பா. மழை வருமா இன்னிக்கு?' என்று போட்டார்.

ஊர்ச் செய்தி என்றால் மச்சானுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அடுத்த நிமிஷமே மழை நிலவரம், பால வேலைக்காக மூடிய சாலைகள், காணாமல் போய்த் திரும்பி வந்த நாய் என்று மூன்றை இறக்கினான். பேக்கரிக்காரனோ, 'பேச்ச மாத்தாதே. அந்த அம்பயர உன் கடைக்கு அனுப்பறோம், டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட இங்க போடு,' என்றான்.

கடைக்காரர் கீப்பருக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். மறுபடி ஓய்ந்தது.

குழுவில் டிப்போ வந்தார். 'கீப்பர் எங்கய்யா? இடுப்பு வலின்னு லீவு எடுத்தே சரி. இடுப்புக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்? பேசு.'

மேலே 'கீப்பர் எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. தையல்கார அம்மாவின் மூக்கில் ஒற்றை வில்லையோடு சோதனைச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை மறந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

'ரிவ்யூ கேட்டாச்சாடா?' என்று, அம்பயர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்கிற ஆட்டக்காரன் மாதிரி எழுதினான் கீப்பர்.

'எதுக்கு?' என்றான் பேக்கரிக்காரன்.

'அம்பயருக்குத்தான். அவன் கண்ண ஒழுங்கா ஒருத்தர் பாக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பறீங்களே. வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்கடா.'

'வியாழக்கிழமை மேட்ச்சே இல்லையேடா?'

மச்சான் உடனே ஆட்ட அட்டவணையைப் போட்டான். 'அடுத்தது சனிக்கிழமை அண்ணே.'

கைபேசி அடித்தது. கீப்பர்.

"பேசிட்டு வாங்க," என்றார் தையல்கார அம்மா. "நான் எங்கயும் போகல. எப்படிப் போறது, ஒரு கண்ணத்தான் தெறந்து வெச்சிருக்கீங்க."

கடைக்காரர் பின்னால் கண்ணாடி தேய்க்கும் அறைக்குள் போனார்.

"டேய், அந்த மெசேஜ் யாருக்கு?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "என் வீட்டுக்காரிக்கு."

"கையில அடிச்சு சத்தியம் பண்ணினே."

"ஆமாடா."

"அப்புறம் என்னத்துக்குடா ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கறே? முதல்ல ஒண்ண நீ போட்டுக்க."

"போட்டுக்கிட்டுதான்டா அமுக்கினேன்." "மன்னிச்சுடுடா. உன் வீட்டம்மா அழுதாங்கன்னு இவ சொன்னதும்..."

மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அழுதாளா? எங்கிட்ட சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா." என்றான் கீப்பர். "இடுப்பு வலின்னுதான் அவகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நேத்து வலது காலை நொண்டினேன், இன்னிக்கு மறந்துபோய் இடது காலை நொண்டிட்டேன். அப்பவே முழிச்சா."

"சொல்லிடுடா அவங்ககிட்ட."

"சொல்றேன்." உடனே அடுத்ததுக்குத் தாவினான். "டிப்போ எழுதினதப் பாத்தியா?"

"அவன் விளையாட்டுக்கு எழுதினான்டா, அதப் போய் மனசுல..."

"ஸ்டியரிங்க தொட விடமாட்டேன்னான். அது சரிதான், நானே தொட மாட்டேன். ஆனா முன்னால ஒண்ணு சொன்னான் பாரு. வாசல்ல உக்கார வெச்சு வண்டிய எழுதச் சொல்றேன்னு. வீட்டுக்குப் போடான்னு அவன் சொல்லலயே. அத நாலு தரம் படிச்சேன்டா." குழாய் நின்றது. "இப்ப அவனுக்குப் போன் பண்ணப் போறேன்."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் பண்ணேன்டா. என்ன ரிசல்ட்னு தெரியாம..."

"இனிமே பயந்துக்கிட்டு நொண்ட முடியாதுடா." வைக்கப் போனவன் மறுபடி பேசினான். "வியாழக்கிழமை கூட வா. எனக்கு இடது பக்கமா நட. அந்தப் பக்கம்தான் கதவெல்லாம் திடீர் திடீர்னு முளைக்குது. வரும்போது உன் போனை வீட்டுல வெச்சுட்டு வா."

அதன்பின் இருபது நிமிஷம் குழுவில் டிப்போவைக் காணவில்லை. மச்சானும் பேக்கரிக்காரனும் காணாமல் போன நாயைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தையல்கார அம்மாவுக்குக் கண்ணாடி எண் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். டிப்போ விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாரோ, மேலதிகாரிக்குப் போன் போட்டாரோ, என்னிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கத்துகிறாரோ. இருபது வருஷ நண்பர்தான். ஆனால் பணிமனை நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய குரலே வேறு.

திரை அசைந்தது. டிப்போ எழுதிய அந்த ஸ்டியரிங் செய்தி, இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. அந்த இடத்தில் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி. எல்லோருக்கும் அழித்திருக்கிறார். அவருக்குச் சரியாக அமுக்கத் தெரிந்திருக்கிறது.

'டிப்போ, என்னத்த அழிச்சீங்க?' என்றான் பேக்கரிக்காரன்.

டிப்போ கொஞ்சம் கழித்து எழுதினார்: 'கீப்பர், உடம்பப் பாத்துக்க. மெதுவா வா. என்ன ஆனாலும் வாசல் எங்கயும் ஓடிப்போயிடாது.'

'இடுப்பு வலிக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம்?' என்றான் பேக்கரிக்காரன்.

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கடைக்காரர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'வியாழக்கிழமை என் கடை லீவு.' எந்தக் குழு, யாருக்கு என்று மூன்று தரம் பார்த்துவிட்டு அனுப்பினார்.

'உனக்கு என்னடா கேடு?' என்றான் பேக்கரிக்காரன்.

'இடுப்பு வலி,' என்று எழுதிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார் கடைக்காரர்.